மூட்டு நோய்ப் பெயர்களும் நோயறி முறையும்

நோய்க்குப் பெயரிடுதல் நோயை அறிந்ததற்கு அடையாளம் எனப் பொதுவாகக் கருதுகிறோம். மூட்டு நோய்களின் வரலாறு இக்கருத்தை மறுக்கின்றது. ஈண்டுப் பெயர்கள் முன்னரே தோன்றிவிட்டன. அவை சுட்டும் நோய்கள் இன்னின்னவை என்னும் தெளிவு பல நூற்றாண்டுகள் கழித்தே பிறந்தது. அத்தெளிவு பிறந்த வழியைச் சுருக்கமாக ஆராய்வோம்.

கால் பெருவிரலில் திடீரெனத் தோன்றும் கடுநோவைக் கிரேக்கர் ‘பொடாக்ரா’ என்றனர்; காலைப் பற்றுவது என்பது அதன் பொருள். ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்பது மூட்டைக் குறிக்கும் ‘ஆர்த்ரான்’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய ‘கௌட்’ என்னும் பெயரோ துளி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தீய நீர் துளித்துளியாக மூட்டினுள் இறங்குதலே நோய்க்கு ஏது என அந்நாளில் நம்பினர். தமிழிலும் இந்நிலையே. கீல் என்பது மூட்டு. ஆதலின் கீல்வாயு, கீல்வாதம் என்பன இடத்தைச் சுட்டுவன. முடக்குவாதம் என்பது உறுப்பை முடக்கும் செயலைச் சுட்டுவது. இடமும் செயலும் பற்றி எழுந்த இப்பெயர்கள் ஒரு நோயைப் பிறிதொன்றினின்று பிரித்தறிய உதவவில்லை.

பிரித்தறியும் முயற்சி படிப்படியாகவே நிகழ்ந்தது. தாமே கௌட் நோயால் வருந்திய ஆங்கில மருத்துவர் தாமசு சிடன்காம், 1683ஆம் ஆண்டில் அதன் தோற்றத்தையும் போக்கையும் நுணுகி வருணித்தார். கௌட் நோயாளரின் மூட்டருகே திரளும் கட்டியில் யூரிக் அமிலச் சேர்மம் உண்டென வில்லியம் ஒல்லாசுட்டன் 1797இல் கண்டார். பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பயின்ற லாந்திரே-போவே என்பார், பெண்களைப் பெரிதும் பற்றிய ஒருவகை மூட்டு நோய் கௌட்டின் இயல்பினின்று வேறுபடுதலை 1800இல் எடுத்துரைத்தார். எனினும் அவரும் அதனைக் கௌட்டின் ஒரு வகையாகவே கொண்டார். பழம்பெயரின் பிடி அத்துணை வலியது.

அப்பிடியைத் தளர்த்தியவர் இலண்டன் மருத்துவர் ஆல்பிரட் பேரிங் காரட். கௌட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலை அவர் 1848இல் நிறுவினார். குருதிநீரில் அசெட்டிக் அமிலம் கலந்து, அதனுள் ஒரு நூலிழையை இட்டு வைப்பார். அமிலம் மிகுந்திருப்பின் அவ்விழையில் படிகங்கள் படியும். அந்நூலிழையே இரு நோய்களுக்கு இடையே எல்லைக்கோடாயிற்று. படிகம் படியாத மற்றை நோய்க்கு ‘ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்னும் பெயரை 1859இல் தம் நூலில் அவர் முன்மொழிந்தார். இன்று தமிழில் முடக்குவாதம் என வழங்குவது அதுவே.

பின்னர்க் கருவிகள் பெருகின. 1895இல் ரான்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பின் சிதைவைக் காட்டிற்று. முடக்குவாதக் காரணி எனப்படும் குருதிப் பொருளை நார்வேயின் வாலர் 1940இல் விளக்கினார். மூட்டுநீரில் உள்ள யூரேட் படிகங்களை முனைவாக்கிய ஒளியின் துணையால் நுண்ணோக்கியில் காணலாம் என மெக்கார்ட்டியும் ஆலண்டரும் 1961இல் காட்டினர்.

ஆயினும் ஒரு சோதனை மட்டுமே தீர்ப்பு ஆகாது. கௌட் நோவு மூண்டிருக்கும் வேளையிலும் குருதியில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் இருத்தல் உண்டு. முடக்குவாதக் காரணி நோயற்றார் சிலரிடமும் காணப்படும். நோயுற்றார் சிலரிடம் காணப்படாது. ஆதலின் மருத்துவர் இன்றும் நோயாளியின் சொல்லிலிருந்தே தொடங்குகின்றார். காலை எழுந்தவுடன் தோன்றும் விறைப்பு ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நீடிக்கின்றதா? நடக்க நடக்க நோவு குறைகின்றதா, மிகுகின்றதா? விறைப்பு நீடித்து, அசைவால் தணியின் முடக்குவாதத்தை ஐயுறுவர். விறைப்பு விரைவில் நீங்கி, உழைப்பால் நோவு மிகின் மூட்டுத் தேய்வை ஐயுறுவர்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. முடக்குவாதத்திற்குத் தொடக்கத்திலேயே தக்க மருந்து அளிப்பின் மூட்டுச் சிதைவைப் பெரிதும் தடுக்கலாம்; காலம் தாழ்ப்பின் சிதைந்த மூட்டு மீளாது. கௌட்டிற்கோ யூரிக் அமிலத்தைக் குறைத்தல் வேண்டும். இந்நாள் தமிழ் எழுத்தில் கீல்வாதம் என்னும் ஒரு சொல் ஓரிடத்துக் கௌட்டையும், ஓரிடத்து மூட்டுத் தேய்வையும், பிறிதோரிடத்து மூட்டழற்சி அனைத்தையும் குறிக்கக் காண்கிறோம். நூலிழை ஒன்றால் காரட் பிரித்தவற்றைச் சொல்லொன்றால் மீண்டும் கலத்தல் முறையன்று. ஒரு நோய்க்கு ஒரு பெயர் என வரையறுத்தல் கலைச்சொல்லாக்கம் செய்வோர் கடன். அது மொழிப்பணி மட்டுமன்று, நோயுற்றார்க்குச் செய்யும் உதவியுமாகும்.