எங்கும் சென்று சேராத கம்பிகள்

காற்றை மட்டுமே நம்பிச் செல்லும் பாய்மரப் படகுக்கு மின்சாரம் எதற்கு என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. 1895இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 1898இல் உலகைத் தனியொருவராகச் சுற்றி முடித்த ஜோஷுவா ஸ்லோக்கமின் 'ஸ்ப்ரே' படகில் மின்சாரம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. எண்ணெய் விளக்கும், முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குப் பேரம் படிந்த தகரக் கடிகாரமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1968இல், லண்டனின் 'சண்டே டைம்ஸ்' வார இதழ் எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றும் போட்டியை அறிவித்தபோது நிலைமை மாறியிருந்தது. வானொலிக் கருவி படகுக்குள் வந்துவிட்டது. அதன் பின்னால் மின்கலமும், மின்கலத்தின் பின்னால் அதை ஊட்டி வளர்க்கும் ஜெனரேட்டரும் வந்து சேர்ந்தன. அப்போட்டியில் கலந்துகொண்ட ஒன்பது பேரின் கதை பலமுறை எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலும் மனித மனத்தின் கதையாக. அதே கதை கம்பிகளின் கதையாகவும் வாசிக்கத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கதைக்குள் செல்லுமுன் மின்கலத்தின் குணத்தைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கிய ஈய-அமில மின்கலம்தான் அன்றைய படகுகளிலும் இருந்தது. அறைக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ட்டாக, ஆறு அறைகள் சேர்ந்து பன்னிரண்டு வோல்ட். எப்போதும் நிறைந்திருக்க விரும்பும் பொருள் அது. பாதி வடிந்த நிலையில் நாட்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளின்மேல் சல்பேட் படிகம் இறுகி, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் பழைய வலு திரும்புவதில்லை. நிறைந்திருக்கிறதா என அறிய அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தியைப் பார்க்க வேண்டும்; 1.27 அளவில் இருந்தால் நிறைவு, 1.12ஐ நெருங்கினால் வறட்சி. கடல் நீர் உள்ளே புகுந்தாலோ குளோரின் வாயு கிளம்பும். உப்புக்காற்று செம்புக் கம்பியின் இணைப்புகளில் பச்சை பூக்கச் செய்து மின்சாரத்தைத் தின்னும். நிலத்தில் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போதும் என்னும் வேலை, கடலில் அன்றாடக் கடமையாகிவிடுகிறது.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட, 32 அடி நீளப் படகு. அவர் வணிகக் கப்பல் அதிகாரி. மின்னணு நிபுணர் அல்லர். 1968 ஜூன் 14இல் ஃபால்மத்திலிருந்து கிளம்பினார். ஆப்பிரிக்காவின் தென்முனையை ஒட்டிய கொந்தளிப்பில் அவர் மின்கல அமிலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது படகு சாய, அமிலம் கண்ணில் தெறித்தது. கண் போய்விடுமோ என அஞ்சி, கரை திரும்பலாமா என்றும் யோசித்தார். பின்னர் நீரால் கழுவி, சொட்டுமருந்து விட்டுக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். கண் பிழைத்தது.

ஊட்டும் எந்திரத்தின் மாக்னெட்டோ பழுதானபோது நடந்தது இதைவிடச் சுவையானது. பொறி பறக்கும் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குச் சரிசெய்தாக வேண்டும். அளக்கும் தகடு கைவசமில்லை. கையிலிருந்த ஏட்டின் தாள்களை அவர் எண்ணினார். இருநூறு தாள் ஓர் அங்குலம். எனவே ஒரு தாள் ஆயிரத்தில் ஐந்து பங்கு. மூன்று தாளை மடித்து வைத்து இடைவெளியைச் சரிசெய்தார்! பற்றாசு இல்லாதபோது பல்புகளின் அடியில் இருந்த துளிகளை உருக்கி எடுத்துக்கொண்டார். இவ்வளவு செய்தும் வானொலியின் ஒலிபரப்புப் பகுதி கைவிட்டது. நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் காணப்பட்டவர், 1969 ஏப்ரல் 6இல் அசோர்ஸ் தீவுகளுக்கருகே ஓர் எண்ணெய்க் கப்பலின் கண்ணில் படும்வரை உலகுக்குச் செய்தியே இல்லை. ஏப்ரல் 22இல், 312 நாட்களுக்குப் பின், ஃபால்மத் வந்து சேர்ந்தார்.

இவருக்கு நேர் எதிரானவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். 1932இல் நம் நாட்டின் காஸியாபாத்தில் பிறந்த ஆங்கிலேயர். மின்னணுக் கருவிகள் செய்து விற்றவர். போட்டியாளர்களில் மின்சாரத்தை முறையாக அறிந்தவர் என ஒருவரைச் சொல்வதென்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். மூவுடல் கொண்ட தம் 'டெயின்மத் எலக்ட்ரான்' படகு கவிழத் தொடங்கினால் உணர்கருவிகள் அதைக் கண்டுகொள்ளும், கணினி ஆணையிடும், பாய்மர உச்சியில் ஒரு காற்றுப்பை தானாகவே ஊதிப் படகை நிமிர்த்தும் என்பது அவர் திட்டம். அழகான திட்டம், நேரந்தான் இல்லை. விதிப்படி புறப்பட வேண்டிய கடைசி நாளான அக்டோபர் 31இல் அவர் கரையை விட்டபோது கணினி செய்யப்பட்டிருக்கவேயில்லை. வண்ண வண்ணக் கம்பிகள் படகெங்கும் ஓடி, அறையின் இருக்கை மெத்தைக்கடியில் வந்து, எதனோடும் இணையாமல் முடிந்தன.

ஜெனரேட்டர் இருந்த இடமோ படகோட்டி நிற்கும் தளத்தின் அடியில். அதன் மூடி ஒழுகியது. நவம்பரிலேயே கடல் நீர் புகுந்து எந்திரம் நின்றது. ஜெனரேட்டர் இல்லையேல் மின்கலம் இல்லை. மின்கலம் இல்லையேல் வானொலி இல்லை, நேரச் சமிக்ஞை இல்லை, விளக்கில்லை, காற்றுப்பையும் இல்லை. நவம்பர் நடுவில் அவர் தம் நாட்குறிப்பில் இவற்றையெல்லாம் நேர்மையாகவே கணக்கிட்டுப் பார்த்தார். திரும்பினால் கடனாளி; படகின் விலையைத் தாமே செலுத்த வேண்டிய ஒப்பந்தம் காத்திருந்தது. தென் கடலுக்குள் சென்றால் சாவு. எந்திரத்தை உலர்த்தி ஓட வைத்த அவர், மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தார். தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு பொய்யான இருப்பிடங்களை அறிவிப்பது. 1969 ஜனவரியில் வானொலியை நிறுத்தியபோது அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ஜெனரேட்டரின் மூடியை அடைத்துவிட்டாராம். உண்மையான பழுதே பொய்க்குச் சாட்சியாக அழைக்கப்பட்டது.

ஏப்ரலில் மீண்டும் அவர் குரல் கேட்டபோது, முன்னே சென்றுகொண்டிருந்த நைஜல் டெட்லி தம் படகை அளவுக்கு மீறி விரட்ட, மே 21இல் அது அசோர்ஸ் அருகே சிதைந்து மூழ்கியது. டெட்லி மீட்கப்பட்டார். ஜூனில் குரோஹர்ஸ்டின் ஒலிபரப்புக் கருவி மெய்யாகவே பழுதாக, வெப்பம் தகிக்கும் அறையில் பிரித்த பாகங்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் அமர்ந்து அதைப் பழுதுபார்த்தார். மோர்ஸ் செய்தி அனுப்புமளவுக்கு வெற்றியும் கண்டார். என் வாசிப்பில் அப்பயணம் முழுவதிலும் அவர் தாமாகவே இருந்த நாட்கள் அவைதாம். நாட்குறிப்பு ஜூலை 1 அன்று நின்றுபோகிறது. பத்து நாள் கழித்துப் படகு ஆளின்றி மிதந்தது.

பெர்னார் முவாத்தெஸியே வானொலியையே படகில் ஏற்ற மறுத்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செய்தியைச் சிறு புட்டியில் அடைத்துக் கவணால் கப்பல்களின்மேல் எறிந்தார். போட்டியைத் துறந்து தாஹித்திக்குப் போகும் முடிவையும் அவ்வாறே அறிவித்தார்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை குரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்கு அளித்துவிட்டார். சுஹைலி புதுப்பிக்கப்பட்டு மீண்டும் கடல் கண்டது. டெயின்மத் எலக்ட்ரான் பல கைமாறி, கரீபியக் கடலின் கேமன் பிராக் தீவில் கரையேற்றப்பட்டு, வெயிலிலும் புயலிலும் சிதைந்து எலும்புக்கூடானது.