பார்க்கின்சன் மறதிநோயும் மூளை வலையமைப்பும்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் தொடங்கி ஓராண்டுக்கு மேல் கடந்தபின் கவனம், திட்டமிடல், இடமறியும் திறன் ஆகியவை அன்றாட வாழ்வைக் குலைக்குமளவு தேய்வது பார்க்கின்சன் மறதிநோய். மறதி முன்னதாகவே வந்தால் அது லூவி உடல் மறதிநோய் எனப்படும்.

1817இல் நடுக்குவாதத்தை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றார். சிட்னியில் நடந்த நீண்டகால ஆய்வு வேறு உண்மையைக் காட்டியது: இருபது ஆண்டுகள் நோயுடன் வாழ்ந்தவர்களில் 83 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள மூளையின் வலையமைப்பைப் பார்க்க வேண்டும். மூளையில் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பகுதிகள், நாம் சும்மா இருக்கும்போதும் ஒத்திசைந்து இயங்குகின்றன. இதை 1995இல் எம்.ஆர்.ஐ. வழியே காட்டியவர் இந்தியாவில் பிறந்த பரத் பிஸ்வால். பார்க்கின்சன் மறதிநோயில் இந்த ஒத்திசைவு பல இடங்களில் தளர்கிறது. டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளின் குறைவால் முன்மூளைக்கும் ஆழ்மூளைக்கும் இடையிலான சுற்று நலிய, திட்டமிடல் தடுமாறுகிறது. அசிட்டைல்கோலின் என்னும் மற்றொரு வேதிப்பொருளின் குறைவு கவன வலையமைப்பையும் மூளையின் பின்பகுதிகளையும் தாக்குகிறது. வீட்டுக்குள்ளேயே வழி தவறுவதும் இல்லாத ஆளைக் காண்பதும் இதனோடு தொடர்புடையவை. மூளை மின்னலைகளும் மந்தமாகின்றன. எனினும் ஆய்வு முடிவுகள் எல்லாம் ஒத்துப்போவதில்லை. நடுக்கமுள்ளவரின் தலை சற்றே அசைந்தாலும் எம்.ஆர்.ஐ. படம் பிழைபடும். உண்ட மருந்தும் அளவீட்டை மாற்றும். ஆகவே ஒருவருக்கு நோயை உறுதிசெய்ய இப்படங்கள் இன்னும் போதா. உரையாடலும் நினைவுச் சோதனையுமே அடிப்படை.

அச்சோதனை நோயாளியின் வீட்டுமொழியில் நடக்க வேண்டும். தமிழும் மலையாளமும் புழங்கும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இது இன்றியமையாதது. குமரி மாவட்டத்தார் பலர் நாடிச் செல்லும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், மருத்துவர் மதுரநாத் குழுவினர் அடன்புரூக் அறிவுத்திறன் சோதனையை மலையாளத்துக்கேற்ப அமைத்தனர்.

இனி மருந்துகள். பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தனர். இன்றும் நடுக்குவாதத்துக்கு முதன்மை மருந்தான அது உடல் இறுக்கத்தைத் தளர்த்தும், ஓர்மையை மீட்காது. அசிட்டைல்கோலின் சிதைவைத் தடுக்கும் ரிவாஸ்டிக்மின் ஓரளவு உதவும். நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையோ அசிட்டைல்கோலினின் வேலையையே தடுப்பது. முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டக்கூடியது. வீட்டுப் பெரியவருக்கு ஓர்மை குறைந்தால் வயதின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.