பளையில் படித்த இருபத்தொன்பதாம் பிரிவு

பளைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், தென்னந்தோப்பின் ஓரமாக ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு மாலை வேளைகளில் அங்கே வகுப்பு நடக்கும். அங்கு வரலாறு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, பிள்ளைகள் எல்லாத்தையும் பாடமாக்கி வைச்சிருக்கினம். ஆனால் ஒரு மூலப் பத்திரத்தையும் கண்ணால் கண்டதில்லை. ஒருநாள் வந்து கதையுங்கோ."

போரினால் 1990இல் நின்றுபோன வடக்கின் புகையிரதம் 2014 மார்ச் 4ஆம் திகதி மீண்டும் வந்து சேர்ந்த இடம் பளை. அதே பாதையில் நானும் போய் இறங்கினேன். கையில் இரண்டு பக்கப் பிரதி ஒன்று இருந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை ஆங்கில மூலத்தோடும் நானே செய்த தமிழாக்கத்தோடும் படியெடுத்துச் சென்றிருந்தேன்.

இலங்கை என்ற சுதந்திர நாட்டின் தொடக்கப் பத்திரம் எது என்று கேட்டால் நம் மாணவர்கள் தடுமாறுவார்கள். அது அவர்களுடைய பிழையன்று. இந்தியாவுக்கு அரசியல் நிர்ணய சபை ஒன்று இருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விவாதித்து 1949 நவம்பர் 26இல் அது தன் யாப்பை ஏற்றுக்கொண்டது. நமக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. 1944 டிசம்பரில் சோல்பரி பிரபுவின் ஆணைக்குழு வந்தது. 1946 மே 15இல் பிரித்தானிய மன்னரின் பெயரால் யாப்புக் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. 1947 டிசம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றம் இலங்கைச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரம் கிடைத்தபோது நாடு நின்றது அந்த மன்னர் கட்டளையின் மீதுதான்.

"29ஆம் பிரிவு எதைச் சொல்கிறது?" என்று கேட்டேன். "சிறுபான்மையினர் காப்பீடு, ஐயா" என்று மண்டபம் முழுவதும் ஒரே குரலில் விடை வந்தது. பிரதிகளைக் கொடுத்து, "அந்தச் 'சிறுபான்மை' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள்" என்றேன்.

பத்து நிமிடம் கழிந்தது. ஒருவரும் கோடு போடவில்லை. அந்தச் சொல் அங்கே இல்லை.

மாணவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. 1972 மே 22ஆம் திகதி குடியரசு யாப்பு வந்தபோது நான் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளனாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். "சிறுபான்மையினர் காப்பீடு நீங்கியது" என்ற செய்தியை எழுத்துப் பிழையின்றித் திருத்தி அனுப்பியவன் நான். அந்தப் பிரிவை முழுமையாக வாசித்ததோ பல ஆண்டுகளின் பின்னர்தான்.

அதன் 2ஆம் உட்பிரிவு பாராளுமன்றத்தைப் பார்த்து நான்கு தடைகளைச் சொல்கிறது. எந்த மதத்தையும் சுதந்திரமாகப் பின்பற்றுவதைத் தடுத்தல் ஆகாது. பிற சமூகத்தவர் அல்லது மதத்தவர்மீது இல்லாத கட்டுப்பாட்டை ஒரு சமூகத்தவர் அல்லது மதத்தவர்மீது சுமத்துதல் ஆகாது. பிறருக்கு இல்லாத சலுகையை ஒரு சாராருக்கு அளித்தல் ஆகாது. மத நிறுவனம் ஒன்றின் அமைப்பை அதன் சம்மதமின்றி மாற்றுதல் ஆகாது. இவற்றை மீறும் சட்டம், மீறிய அளவுக்குச் செல்லாது என்கிறது 3ஆம் உட்பிரிவு. யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்கிறது 4ஆம் உட்பிரிவு.

மாணவர்களிடம் மூன்று கேள்விகள் வைத்தேன். இதில் உள்ள சொல் எது? இல்லாத சொல் எது? மீறல் நடந்தால் அதைச் சொல்பவர் யார்? 'சமூகம்', 'மதம்' உண்டு என்றார்கள். 'மொழி' இல்லை என்று ஒரு மாணவன் கண்டுபிடித்தான். மூன்றாவது கேள்விக்கு விடை பிரதியில் இல்லை. அதைத் தேடி நீதிமன்றங்களுக்குப் போகவேண்டியிருந்தது.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக, அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். சட்டத்தின் அந்த நிபந்தனையில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஆனால் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதோரின் வாக்குரிமையும் போயிற்று.

கோடாக்கன்பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்குமாறு கேட்டு வழக்காடினார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி, அந்தச் சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கண்டு அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் (பிரிவிக் கவுன்சில்) உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பது அதன் முடிவின் சாரம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். 1977 வன்செயலின் பின் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சியில் வந்து குடியேறிய குடும்பம். "தாத்தாவின்ர அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதியிருப்பினம், ஐயா?" என்று கேட்டாள். என்னிடம் விடையிருக்கவில்லை.

அடுத்தது மொழி. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞரின் சம்பள ஏற்றம் 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1964இல் மாவட்ட நீதிமன்றம், அந்தச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது என்றது. 1967இல் உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியாது என்ற வேறொரு காரணத்தால் வழக்கைத் தள்ளியது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் அது தவறு என்று கூறி, யாப்புப் பற்றிய கேள்வியை விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை. 1972இல் பிரிவே இல்லாமற் போயிற்று.

"மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நீக்கினவையோ?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. 1964இல் லஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், 29(2) இந்த யாப்பின் கீழ் மாற்றமுடியாதது என்று கோமறைக் கழகம் போகிறபோக்கில் கருத்துரைத்திருந்தது. 1970இல் அமைந்த அரசாங்கம் அதைத் திருத்த முற்படவில்லை. பாராளுமன்ற உறுப்பினர்களையே நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையாகக் கூட்டி, பழைய யாப்புக்கு வெளியே நின்று புதியதை ஆக்கியது. தமிழரசுக் கட்சி மொழி பற்றிய தன் திருத்தங்கள் தோற்றதும் 1971இல் அச்சபையை விட்டு விலகியது.

இறுதியாக, இன்று நடைமுறையிலுள்ள 1978ஆம் ஆண்டு யாப்பின் 12ஆம் உறுப்புரையைக் கரும்பலகையில் எழுதினேன். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது அதன் முதற் பந்தி. இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது இரண்டாவது. 29ஆம் பிரிவில் இல்லாத 'மொழி' இங்கே இருக்கிறது என்று மாணவர்கள் மகிழ்ந்தார்கள்.

கிளிநொச்சி மாணவி மட்டும் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, முதலாவதில 'ஆட்கள்' எண்டிருக்கு. இரண்டாவதில 'பிரசை' எண்டிருக்கு. 1948இல இது இருந்திருந்தாலும் எங்கட பூட்டனாருக்கு இரண்டாவது பந்தி சேர்ந்திராதோ?"

சேர்ந்திராது என்றேன். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி தீர 1988, 2003ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். அவள் 'பிரசை' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடுகள் போட்டாள்.

அன்று காலைவரை பாடக்குறிப்பில் ஒற்றை வரியாக இருந்த விடயம் அது. பரீட்சைக்கு அந்த ஒற்றை வரி போதும். ஆனால் நாளை ஒரு புதிய யாப்பு வரைவு இந்த நாட்டில் முன்வைக்கப்பட்டால், எந்தச் சொல் இருக்கிறது, எந்தச் சொல் இல்லை என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும். நான் 1972இல் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தவன். இந்தப் பிள்ளைகள் அப்படி இருக்கக்கூடாது.

புறப்படும்போது நண்பர், "அடுத்த முறை பதின்மூன்றாம் திருத்தத்தைக் கொண்டு வாங்கோ, அண்ணை" என்றார். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.