துருவ அச்சும் படுவான்கரை வானமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் ஞாயிற்றின் இயக்கத்தாற் பெயர் பெற்றவை. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. தான்தோன்றீச்சரர் கோயில் கொண்ட கொக்கட்டிச்சோலை படுவான்கரையைச் சார்ந்தது. வானின் சுழற்சியைப் பெயரிலேயே பொறித்து வைத்த இந்நிலத்தில், அவ்வானை ஒளிப்படமாக்க விழைவோர் முதலில் ஆராய வேண்டியது தொலைகாட்டியின் கண்ணாடி அகலமன்று. அதனைச் சுமக்கும் தாங்கியின் அமைப்பேயாம்.

காரணம் எளிது. புவி தன்னச்சில் ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் ஆகின்றது. ஆதலின் வான மத்தியகோட்டை அடுத்த விண்மீன் ஒரு நிமிடத்தில் திங்களின் விட்டத்திற் பாதியளவு நகர்ந்துவிடும். அசையாத் தொலைகாட்டி அதனைப் புள்ளியாகவன்றிக் கோடாகவே பதிக்கும். தாங்கியின் ஓர் அச்சைப் புவியச்சுக்குச் சமாந்தரமாக நிறுத்தி, எதிர்த்திசையில் அதே வேகத்திற் சுழற்றின் இக்குறை நீங்கும். இதுவே மத்தியகோட்டுத் தாங்கி. அதன் துருவ அச்சு கிடைத்தளத்தோடு ஆக்கும் கோணம் அவ்விடத்தின் அகலக்கோட்டளவே.

பிரௌன்ஹோபர் 1824இல் தோர்பாத் வானாய்வகத்துக்கு அமைத்தளித்த தொலைகாட்டி செர்மானியத் தாங்கிக்கு முன்மாதிரியாயிற்று. ஆயின் தோர்பாத் 58 பாகை வடக்கே உள்ளது. அங்கே அச்சு செங்குத்தை அண்மி நிற்கும். எதிர்ப்பாரம் தூணை விட்டு விலகி நிற்கும். கொக்கட்டிச்சோலையிலோ அச்சு ஏறக்குறைய ஏழரைப் பாகையே உயர்ந்து, கிடையாய்க் கிடக்கும். எதிர்ப்பாரம் தூணை ஒட்டித் தொங்கி அதனை இடிக்கவும் கூடும்.

இடம் மாறின் சாய்வும் மாறும் என்பதற்குப் பாவநகர்த் தொலைகாட்டி சான்று. 20 அங்குல விட்டமுடைய அக்கருவி, நேகம்வாலா பேராசிரியரின் பொறுப்பிற் பூனா நகரிலிருந்து, 1912இல் கோடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பதினெட்டரைப் பாகைக்குரிய அச்சு பத்தேகாற் பாகைக்கு இறங்க வேண்டியதாயிற்று.

அச்சின் இரு முனைகளையும் இரு தூண்கள் தாங்குவது ஆங்கில முறை. அம்முறையின் நுகவகையில் துருவத்தை அடுத்த வானம் மறைபடும் என்பர். ஈண்டு வடதுருவம் மரங்களுக்கும் அடிவான மங்கலுக்கும் இடையே தாழ்ந்து கிடப்பதால் அவ்விழப்புச் சிறிதே. நுகத்தின் வடமுனையைக் குதிரைலாடம் போலத் திறந்துவிடின் அக்குறையும் தீரும். தமிழ்நாட்டுக் காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டி இவ்வகைத் தாங்கியையே உடையது.

ஒளிப்படத்திற் பிழையின்மை எத்துணை இன்றியமையாதது என்பதை 1871 திசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கிரகணம் காட்டிற்று. ஞாயிற்றைச் சூழ்ந்து தோன்றும் ஒளிவட்டம் ஞாயிற்றுக்கே உரியதா, புவியின் வளிமண்டலம் ஆக்கும் மயக்கமா என்ற ஐயம் அதற்கு முன்னர் நிலவியது. தென்னிந்தியாவின் பேக்கல், தொட்டபெட்டா என்னுமிடங்களிலும் யாழ்ப்பாணத்திலும் எடுக்கப்பட்ட படங்கள் ஒப்புநோக்கப்பட்டன. வேறு வேறு வானின் கீழ் எடுத்தும் ஒளிவட்டத்தின் வடிவம் ஒத்திருந்தமையால், அது ஞாயிற்றுக்கே உரியதென்ற கொள்கை வலுப்பெற்றது. படம் சிதைந்திருப்பின் அச்சான்றும் சிதைந்திருக்கும்.

ஆகவே, விலைக்குத் தாங்கி வாங்கும் கல்லூரி முதலில் வினவத்தக்கது அதன் சாய்வு எத்துணைப் பாகை வரை இறங்கும் என்பதாகும். வடநாடுகளை நோக்கிச் செய்யப்பட்ட சில தாங்கிகள் ஏழரைப் பாகைக்கு இறங்கா. எதிர்ப்பாரம் தடையின்றிச் சுழலத் தூண் ஒடுங்கியதாய் இருத்தலும் வேண்டும். நிலையான வானாய்வகம் அமைப்பதாயின் இரு தூண் முறையே ஏற்றது.

துருவ விண்மீன் தெளிவாய்த் தோன்றாவிடினும் அச்சை ஒழுங்கு செய்யலாம். உச்சிவட்டத்தை அடுத்த விண்மீன் வடக்கே அல்லது தெற்கே விலகுவது அச்சின் திசைப்பிழையைக் காட்டும். கீழ்வானத்து விண்மீன் அவ்வாறு விலகுவது சாய்வுப்பிழையைக் காட்டும். கீழ்வானம் வாவியின் மேல் திறந்து கிடக்கும் படுவான்கரையில் இரண்டாஞ் சோதனை எளிதிற் கைகூடும். வடவானம் மறுப்பதை எழுவான்கரைக்கு மேல் எழும் விண்மீன்கள் வழங்கும்.