அம்பாவும் சஹர் பைத்தும் எங்கே போயின?

 

தமிழ்த் தினப் போட்டிக்கு நாட்டார் பாடல் பழக்கிக்கொண்டிருந்தோம். கொழும்புத்துறைக் கரைப் பக்கத்து மாணவன் ஒருவன் அம்பாப் பாட்டு ஒன்றை நல்லாகப் பாடினான். "வீட்டில ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"யூடியூபில பாத்தனான் சேர். அப்பப்பா முந்தி வாடிக்குப் போய்க் கரைவலை இழுக்கேக்க பாடுறவராம். இப்ப பாடுறேல்ல."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாட்டார் பாட்டில் விருப்பம் இல்லை என்று அடிக்கடி சொல்கிறோம். நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் குறை பிள்ளைகளிடம் இல்லை.

அம்பா மேடைக்கென்று பிறந்ததல்ல. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடி, எல்லாக் கைகளும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கப் பிறந்த பாட்டு. பிற்காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கத் தொடங்கியது. வின்சுக்குப் பாட்டுத் தேவையில்லை.

கூத்தும் அப்படித்தான். குருநகர், பாசையூர் போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் தென்மோடிக் கூத்து விடிய விடிய நடந்தது. மாதக்கணக்கில் அண்ணாவியாரிடம் பழகுவார்கள். யுத்தமும் ஊரடங்கும் அந்த இரவுகளைப் பறித்துவிட்டன.

எங்கள் சோனகத் தெருவில், நோன்பு காலத்தில் பக்கீர் பாவா றபான் தட்டி, பைத் பாடி சஹருக்கு எழுப்புவது சின்ன வயதில் கேட்ட சத்தம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ் நகர முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வருடங்கள் கழித்துத் திரும்பியபோது தெரு இருந்தது. பாவா இல்லை, அவர் பாட்டைத் தெரிந்தவர்களும் சிதறிவிட்டார்கள். இப்போது போன் அலாரம் எழுப்புகிறது.

பிள்ளைகளுக்குப் பழக்க ஆளும், பழகக் காலமும், ஆட ஓர் இடமும் கிடைத்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 'கர்ணன் போர்' 1962இல், பிறகு 'இராவணேசன்'. இங்கே திருமறைக் கலாமன்றம் யுத்த காலத்திலும் கூத்தைக் கைவிடவில்லை. அவற்றில் ஆடியவர்களில் எத்தனையோ பேர் இளைஞர்கள்தானே?

நாங்கள் கொடுப்பது போட்டிக்குச் சில நிமிடம், பிறகு ஒரு சான்றிதழ்.

அந்த மாணவனிடம், "அப்பப்பாவுக்குப் பாடிக் காட்டு" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் சிரித்துக்கொண்டு வந்தான். "இந்த வேகத்தில பாடினா கயிறு கையை அறுத்துப்போடும் எண்டு ஏசினவர் சேர். பிறகு தானே பாடிக் காட்டினவர்."

அந்தக் கிழவருக்குத் தெரிந்தது யூடியூபில் இல்லை. உங்கள் வீட்டிலும் தாலாட்டோ, அம்பாவோ, பைத்தோ தெரிந்த மூத்தவர் இருந்தால், இந்த வாரமே பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். போனில் பதியுங்கள், எந்த வேலைக்கு, எந்த நேரத்தில் பாடியது என்றும் கேளுங்கள். பிறகு பிள்ளைகளையே பாட விட்டு, அவர்களைத் திருத்தச் சொல்லுங்கள்.