வீடு மாறும் நடைவண்டி

தாமிரபரணிக் கரையிலும் அதை ஒட்டிய மேட்டு நிலத்திலும், அம்பாசமுத்திரம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில், பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று கடைக்குப் போய்ப் புதுச் சாமான் வாங்கி அடுக்குகிற வழக்கம் சமீபத்தில் வந்ததுதான். கிராம சுகாதார செவிலியராக நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தது 1980-களின் நடுவில். தடுப்பூசிப் பெட்டியும் எடைத் தராசுமாகத் தெருத்தெருவாக அலைந்த அந்த வருஷங்களில் ஒரே நடைவண்டியை வெவ்வேறு வீட்டு முற்றத்தில் பார்ப்பேன். சிவப்பு அரக்கு தேய்ந்து மரம் தெரியும். மூன்று சக்கரத்தில் ஒன்றுக்கு மட்டும் புது ஆணி அடித்திருக்கும். யாருடைய வண்டி என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு வீட்டைக் காட்டுவார்கள். எங்கள் பக்கம் பிள்ளை வளர்த்த வரலாற்றை யாராவது எழுதினால் அந்த வண்டி போய்த் தங்கிய வீடுகளை வரிசையாக எழுத வேண்டும். தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்குப் புகுந்த ஊரில் முதல் தோழி கிடைத்தது பெரும்பாலும் அப்படி ஒரு சாமானை இரவல் கேட்கப் போன வாசலில்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இங்கே எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்து போகிறவள், பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனபிறகுதான் திரும்பி வருவாள். தாய்மாமன் சீராகத் தொட்டில், அரைஞாண் கொடி, தண்டை, காப்பு எல்லாம் கூட வரும். தோழிகள் மட்டும் தாய்வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் பாதியைக்கூட அவள் இந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டாள். அடுத்த வீட்டுக்காரி பெயர்கூடச் சரியாகத் தெரியாது. மாமியாருக்குப் பிள்ளை வளர்ப்பில் எல்லாம் தெரியும். ஆனால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருப்பதையும், ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமில்லாமல் தனக்கே அழுகை வருவதையும் மாமியாரிடம் எந்தப் பெண் சொல்வாள்? அதைச் சொல்ல இவளைவிட ஆறு மாசமோ ஒரு வருஷமோ முன்னால் பெற்றவள் வேண்டும். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் போக ஒரு காரணமும் வேண்டும்.

"மைனி, ஒங்க நடவண்டி சும்மாதான கெடக்கு? எம்பிள்ளைக்கு ரெண்டு மாசம் குடுங்க, தந்துருதேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கிய உறவுகள் பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் நீண்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இரவல் பழக்கம் நடைவண்டிக்கு முன்பே, பிள்ளை பிறந்த அன்றே தொடங்கிவிடும். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. நல்ல ஆயுளோடு இருக்கிற பெரியவர் ஒருவரின் பழைய வேட்டியையோ, நன்றாக வளர்ந்த அடுத்த வீட்டுப் பிள்ளையின் சட்டையையோ வாங்கிப் போடுவார்கள். ராசி என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். பல வருஷம் துவைத்துக் கஞ்சியெல்லாம் போன பருத்தித் துணிதான் பச்சைப் பிள்ளையின் தோலுக்கு ஏற்றது என்று நான் சொல்வேன். வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்திப் போடுங்கள் என்பது மட்டும் என் சேர்க்கை. தூளியும் அப்படித்தான்: ஆச்சியின் பழைய நூல் சேலை, விட்டத்தில் ஒரு கயிறு, சேலை மூடிக்கொள்ளாமல் அகலமாக நிற்க நடுவில் ஒரு தொட்டில் கம்பு. மரத்தொட்டில் சீரோடு வந்து கூடத்தில் அலங்காரமாக நிற்கும். பிள்ளை தூங்கியது தூளியில்.

தூளியை ஆட்ட இன்னொரு கயிறு உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்களுக்குப் பீடிதான் பிழைப்பு. ராத்திரி இலையை நனைத்து வைப்பார்கள். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்குவார்கள். கட்டுக்கட்டாகச் சேர்த்து ஆயிரம் ஆனால்தான் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலி கைக்கு வரும். இரண்டு கையும் ஓயாத வேலை. பிள்ளை சிணுங்கினால் எழுந்து போக முடியாது. தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார்கள். கை பீடி சுற்றும், கால் பிள்ளையை ஆட்டும்.

ஒரே திண்ணையில் ஐந்தாறு பேர் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருத்தி கடைக்குப் பீடி கொடுக்கப் போனால் அவள் கயிறு அடுத்தவள் காலுக்கு மாறும். இரண்டு கால் விரலிலும் இரண்டு பிள்ளையின் கயிற்றை மாட்டிக்கொண்டு சுற்றிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அவள் கணக்கில் குறைந்ததை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு சுற்றிச் சேர்ப்பார்கள். அதை அவர்கள் உதவி என்று சொல்லிக் கேட்டதில்லை. நாளைக்கு இவள் சுற்றுவாள், அவ்வளவுதான்.

இந்தத் திண்ணைக்கு அரசாங்கத்தின் காப்பகச் சட்டம் எட்டவே இல்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டங்களுக்கு அதையே விதித்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே ஏறினால் மாஞ்சோலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் குத்தகைக்கு எடுத்து உண்டாக்கிய தேயிலைக் காடு. மலைமேல் கொழுந்து பறித்தவளின் பிள்ளையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. மலையடியில் பீடி சுற்றியவளுக்கு 1966-இல் பீடித் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதிலும் பிள்ளைக் காப்பகம் உண்டு. ஆனால் பெண்கள் கூட்டமாக வேலை செய்கிற தொழிற்கூடங்களுக்குத்தான். இவள் தொழிற்கூடம் அவள் வீட்டுத் திண்ணை. 2017-இல் பேறுகால நலச் சட்டத்தைத் திருத்தியபோதும் 50 பேர் வேலை செய்கிற நிறுவனம் என்றே கணக்கு வைத்தார்கள். சட்டம் எண்ணிப் பார்த்தது ஓர் இடத்தில் கூடியிருந்த பெண்களை. வீட்டில் உட்கார்ந்து சுற்றியவளுக்குக் காப்பகமாக இருந்தது அடுத்தவளின் கால்விரல். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

புகையிலைத் தூள் பச்சைப் பிள்ளையின் மூச்சில் போவதை நினைத்து நான் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன்: தூளியைக் காற்று வரும் பக்கமாகக் கட்டுங்கள், பால் கொடுக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். ஒருத்தியிடம் சொன்னால் நடக்காது. திண்ணையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னால், ஒருத்தி மறந்தாலும் இன்னொருத்தி நினைவுபடுத்துவாள். "ஏட்டி, கையக் கழுவிட்டுப் பிள்ளையத் தூக்கு" என்ற குரல் நான் இல்லாத நேரத்திலும் அங்கே கேட்டது.

நடைவண்டியின் ஊர் அம்பாசமுத்திரம். மரக்கடைசல் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த கைவேலை. சொப்புச் சாமான், பம்பரம், கிலுகிலுப்பை எல்லாம் கடைந்து வரும். பழைய காலத்தில் மஞ்சள் கடம்பு மரம்தான் இதற்கு உகந்தது. ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடித்துக் கடைவார்; பிற்பாடு மோட்டார் வந்தது. சுழல்கிற மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் உரசலின் சூட்டில் அரக்கு இளகித் தானே ஏறிக்கொள்ளும். பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயசில் விளையாடும் சாமான் என்பதால் அந்தப் பூச்சின் மேல் எனக்குத் தனி மரியாதை.

மூன்று சக்கரத்தில் ஒரு வண்டி என்பது மிகப் பழைய யோசனை. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குதிரை பூட்டாத முக்கால் சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. அது விளையாட்டுத் தேர். நடை பழகும் வண்டியாக அது எப்போது ஆனதோ, ஆக்கிய தச்சர் பிள்ளைகளை நன்றாகக் கவனித்தவர். நடைவண்டியில் பிள்ளை உட்கார முடியாது. தானே எழுந்து, பிடியைப் பற்றி, உள்ளங்கால் முழுதும் தரையில் பதிய நின்று தள்ள வேண்டும். களைத்தால் தொப்பென்று உட்கார்ந்துகொள்ளலாம். வண்டி பிள்ளையை முந்திக்கொண்டு ஓடாமலிருக்க முன்பக்கம் ஒரு செங்கல் துண்டைக் கட்டிவிடுவார்கள். பிளாஸ்டிக் வாக்கரில் இது தலைகீழ். பிள்ளை தொங்கும் துணியில் உட்கார்ந்து, நுனிக்காலால் உந்தும். நிற்கவும் சமன் செய்யவும் அதற்கு வேலையே இல்லை. எட்டாத அடுப்பும் படிக்கட்டும் கண் இமைக்கும் நேரத்தில் எட்டிவிடும். மாடிப்படியில் வாக்கரோடு உருளுகிற விபத்துகளைப் பார்த்துத்தான் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. இங்கே இன்னும் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான் வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன்.

பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு, பாலாடை கதை வேறு மாதிரி. பித்தளைப் பாலாடை யார் வீட்டுக்கும் போகும். வெள்ளிச் சங்கு அப்படிப் போகாது. ஒருத்தி தன் வெள்ளிச் சங்கை இன்னொருத்திக்கு இரவல் கொடுத்தாள் என்றால் அந்தச் சிநேகிதம் எவ்வளவு ஆழம் என்று தெருவுக்கே தெரியும். இடையில் டின் பாலும் பாட்டிலும் நாகரிகமாக வந்து இரண்டையும் அலமாரிக்குள் தள்ளின. ரப்பரின் உட்புறத்தைச் சுத்தமாகக் கழுவ வசதியில்லாத வீடுகளில் அந்தப் பாட்டிலால் வயிற்றுப்போக்கு வந்து, கண் உள்ளே போன பிள்ளைகளை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பால்மாவுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்று 1992-இல் மத்திய அரசு சட்டம் போட்டபோது எங்கள் சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். இன்றைக்குக் குறைமாதப் பிள்ளைக்கு, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு, தாய்ப்பாலைக் கறந்து பாலாடையில்தான் புகட்டுகிறார்கள், அதுவும் பெரிய ஆஸ்பத்திரியின் பச்சிளம் குழந்தைப் பிரிவில்.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. சேனை வைப்பது என்று ஒன்று உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க, குணசாலி என்று பெயரெடுத்த ஒருத்தியை அழைப்பார்கள். பெரும்பாலும் தாயின் சிநேகிதி. அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. சீம்பாலையோ பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தே சீம்பால். அது மண்ணுக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காது. வழக்கத்தை ஒழி என்றால் வீட்டு வாசலில் சண்டை வரும். ஆகவே அழைக்கப்பட்ட அந்தச் சிநேகிதியிடமே பேசினோம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், பிள்ளையை எடுத்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் சேர்ப்பதுதான் உன் சேனை என்று சொன்னோம். பல வீடுகளில் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு முதல் நாளிலேயே குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆள் உண்டு என்ற அந்த ஏற்பாடு போகாமல் நின்றது.

1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் பேறுகால உதவித் திட்டம் 300 ரூபாயோடு தொடங்கியது. அந்த வருஷங்களில் மருத்துவச்சி கையில் வீட்டுப் பிரசவம் இன்னும் நிறைய. பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்க ஆரம்பித்ததும் பிரசவம் நிலையத்துக்கு மாறியது. அதோடு பக்கத்துக் கட்டில் சிநேகிதம் என்று ஒரு புது உறவு முளைத்தது. வேறு தெரு, வேறு சாதி, ஒரே ராத்திரி பெற்றவர்கள். தெருவில் ஒருத்தி வீட்டில் மற்றவள் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். இங்கே ஒருத்தி பிள்ளையை மற்றவள் மடியில் வைத்திருப்பாள். தடுப்பூசி நாளில் இருவரும் பேசிவைத்துக்கொண்டு சேர்ந்தே வருவார்கள். நடைவண்டி அதுவரை போகாத தெருக்களுக்குப் போனது இவர்கள் வழியாகத்தான்.

2015-இல் அரசு ஆஸ்பத்திரியில் பெற்றவர்களுக்கு 16 பொருள் கொண்ட குழந்தை நலப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம். ஏழை வீட்டுப் பெண் யார் கையையும் எதிர்பாராமல் சுத்தமான துணியில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போன காட்சி எனக்கு நிறைவு தந்தது. ஆனால் அந்தப் பெட்டகத்தை வாங்கியவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய தேவை கொஞ்சம் குறைந்ததும் உண்மை. தூளிக்கு விட்டமில்லாத கான்கிரீட் வீடு, கொக்கியில் ஸ்பிரிங் தொட்டில், போனில் பதில் தேடும் பழக்கம் என்று மற்றவையும் சேர்ந்துகொண்டன.

ஓய்வு பெற்ற பிறகும் அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். வளையல் போட்டு, கலவைச் சாதம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், ஒன்பதாம் மாசம் முடிவதற்குள் தெருவில் ஆறு மாசப் பிள்ளை வைத்திருப்பவள் யார் என்று கண்டுபிடித்து, ஒரு சாமானாவது அவளிடம் இரவல் கேட்டு வையுங்கள் என்கிறேன். வாங்கி வந்ததும் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நடைவண்டியில் ஆணி வெளியே நீட்டியிருக்கிறதா, பூச்சு செதில் செதிலாக உரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தூளிச் சேலையின் ஓரத்தை இரண்டு பக்கமும் இழுத்து, இற்றுப்போயிருக்கிறதா என்று சோதித்துவிட்டுக் கட்டுங்கள். பாலாடையை ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். திருப்பிக் கொடுக்கப் போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.