போடிநாயக்கனூரும் நிரல் எழுதுவோரின் உபகரணங்களும்

போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், மேலே விளையும் ஏலக்காய் இறங்கிவந்து விலை பெறும் ஊராகவே நெடுங்காலம் பிரசித்தி பெற்றது. வியாபாரிகள் ஒரு கூடத்தில் அமர்ந்து, கைமாறி வரும் சாம்பிள் காயின் பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து, வாய்விட்டு விலை கேட்ட வழக்கம் 2007-இல் மாறியது. நறுமணப் பொருள் வாரியம் அங்கே மின்னணு ஏலத்தைத் தொடங்கவே, காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் நிலைத்திருக்க, விலை கேட்பது கணிப்பொறியின் காரியமாயிற்று.

ஏலம் நடத்தும் இத்தகைய நிரலொன்றைத் தானே எழுத வேண்டுமென்ற ஆசை அவ்வூர்ப் பிள்ளையொருவனுக்கு அதற்கு ஒரு தலைமுறை முன்பு உதித்திருந்தால், அதற்கான உபகரணங்களை அவன் எங்ஙனம் சம்பாதித்திருப்பான் என்பது விசாரிக்கத் தக்க விஷயம். 1983-இல் அமெரிக்காவின் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்னும், எழுதிய நிரலைக் கணிப்பொறிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரை 49 டாலர் 95 சென்ட் விலைக்குக் கொண்டுவந்தபோது, நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்துப் பழகியிருந்த அந்நாட்டார் அதனை மலிவென்று கொண்டாடினர். டாலர் ஒன்றுக்கு ஏறக்குறையப் பத்து ரூபாயாக இருந்த அக்காலத்தில் நமக்கோ அது ஐந்நூறு ரூபாய். அதுவும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளைக் கடந்து செலுத்த வேண்டிய ஐந்நூறு ரூபாய்.

ஆகவே பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்கு நகலெடுப்பதே நம் நாட்டில் நிரல் கற்றவர்களின் பொது வழியாயிற்று. 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணிப்பொறி நிரல்களும் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், நகலை அறிந்தே பயன்படுத்துவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் சொல்வது நியாயமே எனினும், வாங்குவதற்கு வழியே இல்லாத மாணவன் செய்ததைக் களவென்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவனுக்குத் தேவைப்பட்ட விடுதலையும் அதே காலத்தில்தான் தோன்றியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து 1987-இல் ஜிசிசி கம்பைலர் வெளிவந்தது; 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸின் தனி முயற்சியால் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவும் வெளிவந்தது. இவற்றை யாரும் பெறலாம், பிறருக்கும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளில், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த தமிழக அரசு நிறுவனமான எல்காட், அரசு அலுவலகக் கணிப்பொறிகளுக்குச் சூசே லினக்ஸைத் தேர்ந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, 2012-இல், போடியிலேயே அரசினர் பொறியியற் கல்லூரி தோன்றியது.

விலை என்னும் தடை இவ்வாறு நீங்கிய பின்னும் உபகரணம் மாறவில்லை என்பதே இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் வருத்தும் பகுதி. கம்பைலர் இலவசமாய்க் கிடைத்துப் பல்லாண்டு ஆன பிறகும், நம் நாட்டுக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அதே போர்லண்டின் 1990-களின் டர்போ சி என்னும் பழைய கம்பைலரின் நீலத் திரையே ஆட்சி செய்தது. அங்கே ‘கோனியோ’ என்னும் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, ‘கிளியர்ஸ்கிரீன்’ என்று திரையைத் துடைத்துத் தொடங்கி, ‘கெட்ச்’ என்று ஒரு விசைக்குக் காத்திருந்து முடிவதே நிரலெழுதும் சம்பிரதாயமென்று மாணவர் மனப்பாடம் செய்தனர். அதே நிரலை வீட்டில், அரசு கொடுத்த மடிக்கணினியின் லினக்ஸில் ஜிசிசியிடம் கொடுத்தால், அப்படியொரு கோப்பே இல்லையென்று முதல் வரியிலேயே அது மறுத்துவிடும். பிழை தன்னுடையதென்று எண்ணிய பிள்ளைகள் லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினார்களென்றால் அவர்களை நோவதில் பயனில்லை. பாடத்திட்டமும் கற்பித்தவர் பழக்கமும், ஐந்நூறு ரூபாயைக் காட்டிலும் உறுதியான தடையாக நின்றன.

ஆங்கிலக் கையேடு என்னும் சிரமமும் இருந்தது. அதைக் குறைக்கும் நோக்கத்தோடு, 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முதலியோர் ‘கணியம்’ என்ற கட்டற்ற மென்பொருள் மாத இதழைத் தமிழில் தொடங்கினர். லினக்ஸையும் மைஎஸ்கியூஎல்லையும் பற்றித் து. நித்யா அதில் எழுதிய பாடங்கள் ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் நூல்களாயின. அவற்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டமையால், ஒருவர் தரவிறக்கி நண்பருக்கு நகலெடுத்துக் கொடுப்பது ஆசிரியரே விரும்பி அனுமதித்த காரியமாயிற்று.